பிஞ்சிலே பழுத்த பெயர்

இலத்தீனில் 'ப்ரேகாக்ஸ்' என்றொரு சொல். 'ப்ரே' என்பது முன். 'கொக்வெரே' என்பது சமைத்தல், பழுக்கச் செய்தல். இரண்டும் கூடினால் பருவத்துக்கு முன்னே பக்குவமானது என்று பொருள். பக்குவம் என்று நான் எழுதியதும் வெறும் விளக்கம் அன்று. வடமொழிப் 'பக்வ' நம்மிடம் பக்குவம் ஆயிற்று. அந்தப் பக்வவும் இலத்தீனின் கொக்வெரேயும் ஒரே வேரில் கிளைத்த உடன்பிறப்புகள் என்று மொழிநூலார் காட்டுவர். கோடை தொடங்கும்போதே கனிந்துவிடும் ஒரு பழத்தை உரோமர் இச்சொல்லின் வடிவம் ஒன்றால் அழைத்தனர். அப்பெயர் கிரேக்கர் வாய்க்குப் போய், அராபியர் நாவில் 'அல்-பர்கூக்' ஆகி, ஐரோப்பாவுக்கே திரும்பி, ஆங்கிலத்தில் 'ஆப்ரிகாட்' என்று நிலைத்தது. அதே சொல்தான் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூலுக்குள் புகுந்து இளையோரைப் பற்றும் மனநோய் ஒன்றின் பெயராயிற்று. கனியை வாழ்த்திய சொல் பிள்ளைகளைப் பழித்த சொல்லான கதையும், அதே 'முன்' அண்மைக் காலத்தில் மருந்தாக மாறிய கதையும் சொல்லை நேசிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை.

முதலில் நோயின் பொதுப்பெயர். 'சைக்கோசிஸ்' என்ற சொல்லைக் கான்ஷ்டாட் என்ற செருமானிய மருத்துவர் 1841இல் ஆண்டார். வியன்னாவின் ஃபாய்க்டர்ஸ்லேபென் 1845இல் தம் நூலால் அதைப் பரப்பினார். கிரேக்கத்தில் 'ப்சூகே' என்றால் உயிர், உள்ளம். அது மூச்செறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயிர் என்ற பெயரும், மூச்சுவிடுதலைக் குறிக்கும் உயிர்த்தல் என்ற வினையும் நம்மிடமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றையொன்று சாராத இரு மொழிகள் மூச்சிலேயே உயிரைக் கண்டுகொண்டது வியப்பு. அந்த உயிர்ப்பில் நேரும் கோளாறுதான் சைக்கோசிஸ்: யாரும் பேசாதபோது குரல் கேட்கும், யாரோ தொடர்கிறார்கள், உணவில் எதையோ கலக்கிறார்கள் என்ற ஐயம் அசைக்க முடியாத உறுதியாக வேரூன்றும், எண்ணத்தின் தொடர்ச்சி அறுந்து பேச்சின் கோவை குலையும். நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் வாழ்வில் ஒருமுறையேனும் இதைக் கடக்கிறார்கள்; பெரும்பாலோருக்கு இது பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ, கல்லூரியும் முதல் வேலையும் காத்திருக்கும் வயதில் தொடங்குகிறது.

அந்த வயதை முன்னோர் கவனிக்காமல் இல்லை. அவர்கள் வைத்த பெயர்களிலேயே இளமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. செருமானிய மருத்துவர் ஹெக்கர் 1871இல் விவரித்த வகைக்கு 'ஹெபெஃப்ரீனியா' என்று பெயர்; கிரேக்கரின் இளமைத் தெய்வமான ஹேபே அதற்குள் இருக்கிறாள். அதற்கு முன்பே பிரான்சின் மொரேல் தம் இளம் நோயாளிகளைக் கண்டு 'தெமான்ஸ் ப்ரேகோஸ்' என்றார். அதை இலத்தீனாக்கினாற்போல் செருமானிய மனமருத்துவர் கிரேப்பெலின் 1890களில் 'டிமென்ஷியா ப்ரேகாக்ஸ்' என்று தம் பாடநூலில் நிறுவினார். டிமென்ஷியா என்பது மென்ஸ் நீங்கிய நிலை; அந்த 'மென்ஸ்' வடமொழி 'மனஸ்' என்பதற்கு உறவு, ஆகவே நம் நாவில் வழங்கும் மனத்துக்கும் உறவு. மனம் நீங்கல், அதுவும் முன்கூட்டியே: இதுதான் பெயரின் நேர்ப்பொருள். முதுமையில் வரவேண்டிய அறிவுத் தேய்வு இளமையிலே வந்துவிட்டது, இனி மீட்சி அரிது என்ற தீர்ப்பு அந்த இரு சொற்களுக்குள் மடித்து வைக்கப்பட்டது. நம் தோட்டங்களில் இதற்கு ஒரு சொல் உண்டு: வெம்பல். வெயில் தாளாமல் முதிராமலே பழுத்து உதிரும் காயை அப்படிச் சொல்வோம். நோயாளிகள் சிலர் தேறியதைக் கிரேப்பெலினே பதிந்தார். ஆயினும் பெயர் அவர்களை வெம்பல் என்றே எண்ணியது.

இந்தப் பெயரை மறுத்தவர் சூரிச் நகரின் புர்கஹோல்ட்ஸ்லி மருத்துவமனைத் தலைவர் ஆய்கன் பிளாய்லர். 1908 ஏப்ரலில் பெர்லினில் பேசும்போது, இந்நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதும் இல்லை, எப்போதும் அறிவழிவில் முடிவதும் இல்லை, எனவே பெயரின் இரு பாதிகளும் பொருந்தவில்லை என்றார். அவர் முன்வைத்தது 'ஸ்கிசோஃப்ரினியா'. 'ஸ்கிசைன்' என்றால் பிளத்தல். 'ஃப்ரேன்' என்றால் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், அங்கேதான் எண்ணம் குடியிருக்கிறது என்று பழங்கிரேக்கர் நம்பியதால் மனம் என்றும் பொருள். நெஞ்சு என்ற ஒரே சொல்லால் மார்புக்கூட்டையும் எண்ணத்தின் இருப்பிடத்தையும் குறிக்கும் நமக்கு இந்த நம்பிக்கை அயலானது அன்று. 1911இல் வெளிவந்த நூலின் தலைப்பில் அவர் அச்சொல்லைப் பன்மையில் நிறுத்தினார்: ஒரு நோய் என்று கருதற்க, ஒரு குழு என்க. எண்ணத்தையும் உணர்வையும் செயலையும் இணைக்கும் இழைகள் தளர்வதையே அவர் பிளவு என்றார். உலகமோ ஒருவருக்குள் இரண்டு ஆள்கள் என்று அதைப் பிழையாகப் புரிந்துகொண்டது.

தமிழுக்கு வரும்போது அந்தச் சொல் மனச்சிதைவு ஆயிற்று. முன்மொழி வடமொழி வழியது, பின்மொழி நம்முடையது. பிளவு என்று நேரே பெயர்க்காமல் சிதைவு என்று தேர்ந்தவரின் செவி நுண்ணியது. பிளவு இரண்டாக்கும், சிதைவு பலவாக்கும், உரு கலைக்கும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவற்றைத் தனித்தனியே உதிர்க்கும். பிளாய்லர் கருதிய இழைத்தளர்ச்சிக்குக் கிரேக்கச் சொல்லைவிட நம் சொல் நெருக்கமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு சொல் தன் பொருளை மட்டுமா சுமக்கிறது? சிலை சிதைந்தது, கோட்டை சிதைந்தது, விபத்தில் உடல் சிதைந்தது என்று வழங்கி வழங்கி, மீளாத அழிவின் சாயல் அதன்மேல் படிந்துவிட்டது. ஈமவிறகைக் குறிக்கும் 'சிதை' வடமொழி வழி வந்த வேறு சொல்தான். எனினும் பத்தொன்பது வயது மகனைப் பக்கத்தில் அமர்த்தி மருத்துவரிடம் இந்தப் பெயரை முதன்முதல் கேட்கும் தாயின் காது வேர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதற்கு முந்திய நம் பெயர்களும் இப்படித்தான் இறங்கின. பித்தம் என்ற வடசொல் வழி வந்தது பித்து. பித்தத்தைச் சார்ந்தது பைத்தியம். வாத பித்த ஐயங்களின் சமநிலை குலைந்தால் நோய் என்ற மருத்துவக் கொள்கையிலிருந்து பிறந்த இவை, தொடக்கத்தில் உடலின் காரணத்தைச் சொன்னவை, வசையாக வந்தவை அல்ல. கிரேக்கரும் கரும்பித்தம் என்ற பொருளில் 'மெலன்கோலியா' என்றனர். சுந்தரர் தம் முதற்பதிகத்தைத் தொடங்கியதே இறைவனைப் பித்தன் என்று விளித்துத்தான். அத்தனை உயரத்தில் இருந்த சொல் தெருச்சண்டையில் வந்து விழுந்தது. மையல் காதலர்க்குப் போயிற்று. மருள் பூசாரியிடம் தங்கிற்று. பைத்தியம் மட்டும் நோயாளியின் தோளில் ஏறிக்கொண்டது. ஓர் ஊர்ப்பெயர்கூடத் தப்பவில்லை. 1794இல் தொடங்கிய சென்னை மனநோயர் விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. கிழக்கேயுள்ள பாக்கம் என்ற எளிய நிலப்பெயர் அதன்பின் கேலிச்சொல்லாகித் திரைப்படங்களில்கூட ஒலித்தது. சட்டத்திலும் இதே வழுக்கல்: 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் 'லூனசி' என்ற சொல்லைச் சுமந்தது, நிலவால் அறிவு மயங்குகிறது என்ற பழைய நம்பிக்கையின் எச்சம், 1987இல் வேறு சட்டம் இயற்றப்படும் வரை அது நீங்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில்தான் மனநலத்தோடு பராமரிப்பு என்ற சொல் சேர்ந்தது.

பெயர் எதுவானால் என்ன, மருந்துதானே வேண்டும் என்று கேட்கலாம். மருந்து சேர்வதற்கு ஆகும் நாளைப் பெயரே நீட்டுகிறது. பிள்ளைக்கு உறக்கம் கெடுகிறது, நண்பரை விட்டு ஒதுங்குகிறான், மதிப்பெண் சரிகிறது, குளிப்பதும் உண்பதும் முறை தவறுகின்றன, தனக்குள் பேசுகிறான். வயசுக்கோளாறு என்கிறார் ஒருவர், காத்துக்கருப்பு என்கிறார் மற்றொருவர், திருமணம் செய்துவைத்தால் சரியாகும் என்கிறார் மூன்றாமவர். பைத்தியம் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிடுமே என்ற அச்சம் வாயிலை அடைக்க, மாதங்கள் போகின்றன. நோய் வெளிப்பட்ட நாளுக்கும் சரியான மருத்துவம் தொடங்கிய நாளுக்கும் இடையிலான இந்த மருத்துவமில்லாக் காலம் நீள நீள, தேறுதல் கடினமாகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நார்வேயின் ரூகலாண்ட் பகுதியில் 1997 முதல் நாளிதழ்கள் வழியும் பள்ளிகள் வழியும் அறிகுறிகளை மக்களுக்குச் சொன்னார்கள். யாரும் நேரே அழைக்கக்கூடிய குழு ஒன்றையும் அமைத்தார்கள். முன்பு 26 வாரமாக இருந்த அந்த இடைவெளி, நடுவளவில், ஏறத்தாழ 5 வாரமாகச் சுருங்கியது. பரப்புரை நின்றபோது இடைவெளி மீண்டும் நீண்டது. மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை. ஊரின் பேச்சு மாறியபோது நாள்கள் குறைந்தன.

இங்கேதான் 'முன்' என்ற சொல் திசை திரும்புகிறது. மெல்போர்னில் பாட்ரிக் மெக்கோரியும் தோழர்களும் 1992இல் இளையோர்க்கென்றே ஒரு மருத்துவமையம் தொடங்கினார்கள். நோய் முந்தி வருகிறது என்று கிரேப்பெலின் கண்ட இடத்தில், மருத்துவமும் முந்தட்டும் என்றார்கள். குறைந்த அளவில் தொடங்கும் மருந்து, குடும்பத்துக்கு விளக்கம், பேச்சுவழிச் சிகிச்சை, படிப்புக்கும் வேலைக்கும் திரும்பக் கைகொடுத்தல் ஆகியவற்றை ஒரே குழு முதற்சில ஆண்டுகள் விடாமல் தருவது அவ்வழி. நோய்க்கு முற்பட்ட மங்கிய குறிகளுக்கு மருத்துவர் வழங்கும் சொல் 'புரோட்ரோம்'. கிரேக்கத்தில் அதன் பொருள் முன்னே ஓடுவது, அதாவது நம் முன்னோடி. ஆனால் முன்னோடி வந்தவர் வீட்டுக்கெல்லாம் நோய் பின்வருவதில்லை. அத்தகைய குறிகள் தெரிந்தவர்களுள் பெரும்பாலோர் முழுநோய்க்குப் போவதில்லை. ஆகவே முந்திக் கவனிப்பதும் முந்திப் பெயர் சூட்டாதிருப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

கிழக்காசியர் பெயரையே மாற்றிக் காட்டினார்கள். மனம் பிளந்த நோய் என்று பொருள்படும் பெயர் ஜப்பானில் நெடுங்காலம் வழங்கியது. நோயாளிகளின் குடும்பச் சங்கம் 1993இல் அதை மாற்றக் கேட்க, மனமருத்துவர் கழகம் 2002இல் 'தோகோ ஷிச்சோ ஷோ' என்று மாற்றியது. ஒருங்கிணைப்புத் தவறிய நிலை என்று அதற்குப் பொருள். நோயின் பெயரை நோயாளியிடமே சொன்ன மருத்துவர்களின் விழுக்காடு 2002இல் ஏறத்தாழ 37. இரண்டே ஆண்டில் அது 70ஐ நெருங்கியது. சொல்ல நாக்கூசிய பெயரைச் சொல்லக்கூடிய பெயர் வென்றது. ஹாங்காங் 2001இல் இளையோர்க்கான முன்கண்டறியும் பணியைத் தொடங்கியபோது, எண்ணமும் புலனுணர்வும் இசைவு தவறிய நிலை என்ற பொருளில் சைக்கோசிஸுக்குப் புதுப்பெயர் வைத்தது. கொரியா 2011இல் தேர்ந்த பெயருக்கு நரம்பிசைக் கருவியில் நரம்பைச் சுருதி கூட்டுவது என்று பொருள். மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு: தவறியது மீண்டும் கூடலாம் என்ற வாய்ப்பைப் பெயரே விட்டுவைக்கிறது.

நமக்கு இதற்குச் சொல் இல்லையா? தொல்காப்பியம் எச்சவியலில் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஏற்கும் முறை கூறும்போது, உருச் சிதைந்து வந்தாலும் பொருந்தி இயைந்தால் விலக்க வேண்டா என்ற கருத்தில் சிதைதலையும் இயைதலையும் அருகருகே நிறுத்துகிறது. அங்கே சிதைவு ஒரு முடிவாக நில்லாமல் இயைபுக்குப் போகும் வழியாகிறது. சிதைந்த ஒன்றுக்கும் அவையில் இடம் உண்டு என்பது நம் மொழியின் மிகப் பழைய தீர்ப்புகளுள் ஒன்று. இயைபு என்பது இணைதல், பொருந்துதல், ஓசையில் ஒத்து வருதல். யாப்பறிந்தவர் நாவில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். ஜப்பானியர் தேடிப்போன பொருள் நம் இலக்கண நூலுக்குள்ளேயே இருக்கிறது. மனச்சிதைவு என்பதற்குப் பதில் இயைபுக்குலைவு என்று வழங்கினால், பிளாய்லரின் கருத்தும் கெடாது, கேட்பவர் நெஞ்சும் உடையாது. குலைந்த இயைபு கூடும் என்று இலக்கணமே துணைநிற்கும்.

புதுப்பெயர் தனியே எதையும் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். பைத்தியமும் ஒருகாலத்தில் மருத்துவப் பெயராகவே பிறந்தது. பெயருக்குப் பின்னால் பணி நிற்க வேண்டும். அந்தப் பணி சென்னையில் இருக்கிறது: மனமருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, நோய் முதன்முறை வெளிப்பட்ட இளையோரைத் தொடக்கத்திலேயே பார்த்துக் குடும்பத்தோடு சேர்த்து நடத்தும் முறையைக் கடைப்பிடிக்கிறது. இத்தகைய இடங்களுக்கு ஒரு பிள்ளை இரண்டாம் ஆண்டில் போவதா, இரண்டாம் வாரத்தில் போவதா என்பது வீட்டில் அன்று எந்தச் சொல் பேசப்பட்டது என்பதையும் பொறுத்தது. சொல்லாக்கம் அறிந்த நாம் பள்ளிப் பாடத்திலும் செய்தித்தாளிலும் மருத்துவமனைச் சீட்டிலும் அச்சுறுத்தாத, பொருள் வழுவாத ஒரு பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவர முடியும். அதைச் செய்ய வேண்டும்.