சாரத்தியமும் பால்வேறுபாடும்: காப்புறுதிக் கட்டணம் உணர்த்தும் வரலாறு

பெண்கள் வாகனம் செலுத்தும் திறன் குன்றியவர்கள் என்னும் கருத்து மேலைநாட்டு நகைச்சுவைத் துணுக்குகளிலும் கேலிச்சித்திரங்களிலும் நெடுங்காலமாக நிலைபெற்று வந்துள்ளது. ஒரு சமூகம் நகைப்புக்காகக் கூறுவது ஒன்று. அதே சமூகம் தன் பணத்தை ஈடுவைத்துக் கணக்கிடும்போது ஏற்றுக்கொள்வது மற்றொன்று. மோட்டார்க் காப்புறுதிக் கட்டண அட்டவணை இரண்டாவது வகைச் சான்றாகும். இவ்விரண்டினையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, பால்வேறுபாடு பற்றிய கருத்துநிலை எவ்வாறு உருவாகின்றது என்பது தெளிவாகின்றது.

மோட்டார் வாகனத்தின் தொடக்க வரலாறு பெண்களின் இயலாமைக்குச் சான்று பகரவில்லை. 1888 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வாகனத்தில், அவருக்கு முன்னறிவிக்காது தம் புதல்வர் இருவருடன் மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் சென்றார். நெடுந்தூர மோட்டார்ப் பயணங்களுள் முதலாவதாகக் கொள்ளப்படுவது இதுவே. 1909 இல் அலிஸ் ராம்ஸி நியூயோர்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 59 நாட்களில் வாகனத்தைச் செலுத்திச் சேர்ந்தார். உடன்சென்ற தோழியர் மூவரும் வாகனம் செலுத்த அறியாதவர்கள். முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் பெண்கள் அம்புலன்சுகளையும் இராணுவ வாகனங்களையும் செலுத்தினர்.

அவ்வாறாயின் அக்கருத்து எங்கிருந்து தோன்றியது? மோட்டார் வாகனம் வெறும் பொறியன்று. அது சொத்தாகவும், வீட்டெல்லையைக் கடந்து செல்லும் உரிமையாகவும் விளங்கியது. அக்காலத்து மின்கல வாகனம் சத்தமற்றது, தூய்மையானது, ஆனால் குறுந்தூரமே செல்லவல்லது. அமெரிக்க உற்பத்தியாளர் அதனையே பெண்களுக்கு உகந்ததென விளம்பரஞ் செய்தமை தற்செயலானதன்று. உடைமையும் நடமாட்டமும் ஆணுக்குரியனவாகக் கருதப்பட்ட சமூகத்தில், சாரதி ஆசனத்தில் அமர்ந்த பெண் எல்லை மீறியவளாகவே காணப்பட்டாள். நகைப்பு அவ்வெல்லையைக் காக்கும் கருவியாயிற்று.

காப்புறுதிக் கணக்கோ வேறொன்றைக் கூறியது. மசசூசெற்ஸ் மாநிலத்தில் 1927 இலிருந்தும், பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலமும் மூன்றாந் தரப்பினர்க்கான காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது. எவருக்கு எவ்வளவு இழப்பீடு செலுத்த நேரும் என்பதைக் கணித்துச் சாரதிகளைப் பிரிவுகளாக வகுப்பது காப்புறுதித் தொழிலின் அடிப்படையாகும். தப்பெண்ணத்தை நம்பிப் பிழையாகக் கணித்தால் நட்டம் கம்பனிக்கே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தசாப்தங்களில் அமெரிக்கக் கம்பனிகள் மிகக் கூடிய கட்டணத்தை விதித்தது பெண்களுக்கன்று. மணமாகாத இளம் ஆண்களுக்கே. மிகுவேகமும் மதுபோதையும் காரணமான மரண விபத்துக்களில் ஆண்களின் பங்கு மேலோங்கியிருந்தமையே இதற்கு ஏதுவாகும். பெண்ணின் நிதானத்தைக் கோழைத்தனமென இகழ்ந்து ஆணின் துணிச்சலைப் போற்றிய அதே சமூகம், அத்துணிச்சலுக்கான விலையையும் கட்டணமாகச் செலுத்திற்று.

எனினும் இவ்வட்டவணையைப் பெண்ணின் இயற்கைக் குணத்துக்கு வழங்கப்பட்ட நற்சான்றாகக் கொள்வது தவறாகும். ‘திறனற்ற பெண்’ என்பதற்குப் பதிலாக ‘இயல்பிலேயே நிதானமான பெண்’ என்னும் மற்றொரு வார்ப்பினை அது முன்வைக்கின்றது. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட கணிப்பொன்றின்படி ஆண் சாரதி ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 16,500 மைலும், பெண் சாரதி ஏறத்தாழ 10,000 மைலும் வாகனஞ் செலுத்தினர். குறைந்த தூரம் செல்பவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பும் குறைவு. அத்தூர வேறுபாடோ தொழில், வருமானம், குடும்பக் கடமை ஆகியவற்றின் பங்கீட்டிலிருந்து பிறப்பதாகும்.

இவ்வுண்மை 1980களின் விவாதங்களில் வெளிப்பட்டது. 1984 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், பாலடிப்படையிலான மோட்டார்க் காப்புறுதிக் கட்டணம் அம்மாநில அரசியலமைப்பின் சமவுரிமை ஏற்பாட்டுக்கு முரணானதென்னும் நிலைப்பாட்டை ஏற்றது. இதன்வழி இளம் பெண்கள் பெற்றிருந்த சலுகை அற்றுப்போயிற்று. தேசியப் பெண்கள் அமைப்பு ஓர் ஆழமான வினாவை எழுப்பியது. இளமை கடந்த பெண்கள், தம்மிலும் கூடிய தூரம் செல்லும் ஆண்களுக்குச் சமமான கட்டணத்தையே செலுத்துகின்றனர். ஆகவே கட்டணம் பாலைக் கொண்டன்றி, தூரமானி காட்டும் மைல்களைக் கொண்டே அமைதல் வேண்டும் என்பதே அதன் வாதமாகும். இளம் பெண்ணுக்கு அளிக்கப்பட்ட சலுகை, முதிர்ந்த பெண்ணின் மிகைச்செலவை மறைத்துநின்றது என்பது இதனாற் புலனாகின்றது.

நீதிமன்றங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1992 இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒன்ராறியோ மாகாண வழக்கொன்றில், நடைமுறை மாற்றுவழி அப்போது இல்லையெனக் கருதிப் பாலடிப்படையை அனுமதித்தது. 2011 மார்ச் 1 இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய நுகர்வோர் அமைப்பொன்றின் வழக்கில், அத்தகைய கட்டண வேறுபாட்டை 2012 டிசம்பர் 21 முதல் செல்லாததாக்கியது. புள்ளிவிபரம் பொய்யென அந்நீதிமன்றம் கூறவில்லை. சமத்துவத்துக்கு எல்லையற்ற விதிவிலக்கு இருத்தலாகாது என்றே கூறியது. கலிபோர்னியா 2019 இல் பாலடிப்படையை விலக்க, 1983 இலேயே அதனை விலக்கிய மொன்ரானா 2021 இல் மீண்டும் அனுமதித்தது.

ஆகவே காப்புறுதிக் கட்டணம் இரு உண்மைகளை உணர்த்துகின்றது. நகைப்பில் நிலவும் தப்பெண்ணம் இலாபக் கணக்கின் முன் நிலைக்கவில்லை என்பது ஒன்று. இலாபக் கணக்கும் மனிதரைத் தனியராக நோக்குவதில்லை. எளிதிற் கேட்டறியக்கூடிய அடையாளத்தைக் காரணமாக்கி, உண்மைக் காரணத்தை விட்டுவிடுகின்றது என்பது மற்றொன்று. பெண் எவ்வாறு வாகனஞ் செலுத்துகின்றாள் என்னும் வினாவுக்கு முன், எவருக்கு எவ்வளவு தூரம் செல்லும் வாய்ப்பு வழங்கப்பட்டுள்ளது என்னும் வினா எழுப்பப்படல் வேண்டும். முன்னைய வினாவுக்கான விடை பின்னையதிலேயே தங்கியுள்ளது.