உடுவிலும் மருதமடுவும்: யாழ்ப்பாணக் கத்தோலிக்க யாத்திரை மரபின் தோற்றம்

ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துத் தேவாலயங்களை ஊர் ஊராக வரிசைப்படுத்துகிறார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி என்று செல்லும் அந்த வரிசையில் உடுவிலும் உண்டு. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின், போர்த்துக்கேயர் காலத்தில் அமைந்த கத்தோலிக்கப் பங்குகள் இவை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் கோயில்களும் கைமாறிச் சீர்திருத்தச் சபையின் வசமாயின. அடுத்த திருப்பம் 1820இல் வந்தது. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் நிலையம் அமைத்தனர்; 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் மகளிர் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். இன்று உடுவில் என்றதும் பலர் நினைவுக்கு வருவது அந்தப் பாடசாலைதான்.

உடுவிலோ மானிப்பாயோ மல்லாகமோ ஏன் கத்தோலிக்க யாத்திரைத் தலமாகவில்லை? கட்டடம் இருந்தது, குருமார் இருந்தனர், ஆட்சியின் ஆதரவும் இருந்தது. ஆனால் யாத்திரை போனதெல்லாம் காட்டுக்கு. ஆட்சி கட்டிக் கொடுத்த கோயில் ஆட்சியோடு போய்விட்டது; சனம் தோளில் தூக்கிச் சென்ற சொரூபம் நிலைத்தது என்பதே என் துணிபு.

கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் அறிவித்திருந்தனர். இந்த நெருக்கடியில், 1670 அளவில், மன்னாருக்கு அண்மையிலுள்ள மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு, ஒல்லாந்தர் கை எளிதில் எட்டாத வன்னிக் காட்டுக்குள் புகுந்து, மருதமடுவில், அதாவது இன்றைய மடுவில், தங்கின என்பது திருத்தல மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிய கத்தோலிக்கரும் அங்கே வந்து சேர்ந்தனர் என்கிறது அதே மரபு. எண்களையும் ஆண்டையும் மரபாகவே கொள்ளவேண்டும். ஆனால் இடத்தேர்வின் காரணம் பளிச்சென்று தெரிகிறது: அங்கே அதிகாரி இல்லை, பாம்பும் யானையுமே இருந்தன. மடு மண் பாம்புக் கடிக்கு மருந்து என்ற நம்பிக்கையும் அந்தக் காட்டு வாழ்விலிருந்து பிறந்திருக்க வேண்டும். இன்றும் யாத்திரிகர் ஒரு பிடி மண்ணைக் கடதாசியில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இதில் சைவர், கத்தோலிக்கர் என்ற பேதம் பெரிதாக இல்லை.

மடு முதல் தடம் என்றால், இரண்டாவது தடம் உடுவிலுக்கு அருகில். பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை அது. கோவாவில் 1651இல் பிறந்த யோசேவாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யாருடைய கண் ஒரு கணம் நின்றதோ, அவர் கத்தோலிக்கர். உபாயம் எளியது, பிடிபட்டால் உயிர் போகும். சில்லாலையார் அவரை மறைத்து வைத்தனர். இரவில் பூசை நடந்தது. பின்னர் ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்குக் கூடியவர்களைச் சிறைபிடித்தபோது அடிகளார் தப்பினார். அதன்பின் கண்டி இராச்சியத்துக்குள் சென்று 1711இல் கண்டியிலேயே காலமானார். ஊர்ச் சனம் அவரைப் புனிதராகவே போற்றிவந்தாலும், திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது 2015 ஜனவரி 14இல்தான். அன்று காலை கொழும்பில் அதை அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், பிற்பகலில் மடுவுக்குப் போனார். இரு தடங்களும் ஒரே நாளில் சந்தித்தன.

மடு யாத்திரை இன்றைய உருவைப் பெற்றது அமலமரித் தியாகிகள் என்னும் துறவுச் சபையின் காலத்தில். 1847இல் வந்த அச்சபையைச் சேர்ந்த பொஞ்சீன் ஆண்டகை 1872இல் புதிய ஆலய வேலையைத் தொடங்கினார். 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. 1944இல் ஆலயம் அபிஷேகம் பெற்றது. இடையில், 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறந்தது. அதன்பின் உடுவில் பக்கத்தவர் சுன்னாகத்தில் ஏறி, மதவாச்சியில் மாறி, மடு வீதி நிலையத்தில் இறங்கலாம் என்றாயிற்று. அதற்கு முன் மாட்டு வண்டி. ஆனையிறவு தாண்டி, அரிசி, சட்டி, பானை எல்லாம் கட்டிக்கொண்டு போனார்கள். ஆடித் திருவிழாவும் ஆவணித் திருவிழாவும் காட்டுக்குள் ஒரு தற்காலிக ஊரையே எழுப்பின.

போரில் அந்தத் தற்காலிக ஊர் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்று, ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தனர். மாந்தையிலிருந்து மருதமடுவுக்கு மாதா நடந்த கதையை ஐதிகம் என்று ஒதுக்குவோர் இந்தச் சம்பவத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த வரலாற்றை எழுத முன்னோடியாக உழைத்தவர் சுவாமி ஞானப்பிரகாசர். உடுவிலுக்கு அண்டை ஊரான மானிப்பாயில் பிறந்தவர். ஆயர்களின் கடிதங்களும் பங்குப் பதிவேடுகளும் ஆவணக் களரிகளில் கிடக்கின்றன. வண்டி கட்டிப்போன சனத்தின் கதை ஏட்டில் அதிகம் ஏறவில்லை. உடுவில், மானிப்பாய், சண்டிலிப்பாய், சில்லாலை வீடுகளில், தம் பெற்றோர் மடுவுக்குப் போன வழியும், இறங்கிச் சமைத்த இடங்களும், வைத்த நேர்த்தியும் நினைவிருக்கும் முதியோர் இன்னும் இருந்தால், அவர்கள் சொல்வதை இந்த ஆவணிக்கு முன் யாராவது உட்கார்ந்து எழுதி வையுங்கள்.