அட்டைக் கதாயுதமும் ஒன்றேகால் கிரவுண்ட் துவாரகையும்

சினிமாவில் ராஜா உட்காருகிற சிம்மாசனத்தை யார் செய்தார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? படத்தின் ஆரம்பத்தில் "கலை" என்று போட்டு ஒரே ஒரு பெயர் வரும். அது கலை இயக்குநர் பெயர். அவர் வரைந்து கொடுத்ததை நிஜமாகச் செய்தவர்கள் தச்சர், மோல்டர், பெயின்டர், வெல்டர், செட் அசிஸ்டென்ட் என்று ஒரு பெரிய கூட்டம். பழைய படங்களில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. நடிகர்களைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. பொம்மை மாளிகை செய்தவரைப் பற்றி, தெர்மோகோல் தூண் செதுக்கியவரைப் பற்றி ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்குக் கிடைத்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மேடவாக்கம். சினிமாவுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். (கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மேடவாக்கம் டேங்க் ரோட்டுக்கும் எங்களுக்கும்கூடத்தான் சம்பந்தம் இல்லை!) ஆனால் ஒரு பக்கம் தரமணி, இன்னொரு பக்கம் தாம்பரம். இரண்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் நாடகம். பேசும் படம் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் பொய்ப்பொருள் செய்யும் தொழில் நன்றாக வளர்ந்திருந்தது. கன்னையா கம்பெனி நாடகங்களும் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகங்களும் காட்சி ஜோடனைக்குப் பேர்போனவை. படுதாவில் வரைந்த காடு, மரப்பலகையில் ஒட்டிய அரண்மனை, ஜிகினா ஒட்டிய கிரீடம், காகிதக் கூழில் செய்த கதாயுதம்... இவற்றைச் செய்த கைகள்தான் பின்னால் ஸ்டுடியோக்களுக்குள் வந்தன. கொலு பொம்மைக்கும் இதே வேலைதான். களிமண்ணில் உருவம், அதன்மேல் அச்சு, அச்சுக்குள் காகிதக் கூழ், காய்ந்ததும் வர்ணம். பண்ருட்டி பொம்மைக்கும் சினிமா பொம்மைக்கும் வித்தியாசம் அளவில்தான்.

இன்னொரு ஊற்று சென்னை ஓவியப் பள்ளி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். ஓவியமும் சிற்பமும் மட்டுமல்லாமல் மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை என்று கைத்தொழிலும் சொல்லிக் கொடுத்த இடம். தோட்டா தரணி, பி.கிருஷ்ணமூர்த்தி இருவரும் அங்கே படித்தவர்கள்தான். ஒரு மருத்துவர் ஆரம்பித்த பள்ளி நூறு வருஷம் கழித்துக் கோடம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

1930களில் சென்னையிலேயே ஸ்டுடியோக்கள் வந்தன. எல்டாம்ஸ் ரோட்டில் பிட்டாபுரம் ராஜாவின் பங்களாவில் வேல் பிக்சர்ஸ் நடந்தது. அங்கே கூடிய ஏ.கே.சேகர் கலை இயக்குநர், கே.ராம்நாத் ஒளிப்பதிவாளர். தந்திரக் காட்சிகளுக்கு இப்படி ஒரு ஜோடி ரொம்ப முக்கியம். ஏனென்றால் மாடலைச் செய்பவருக்கு, கேமரா எங்கிருந்து பார்க்கப் போகிறது என்று தெரியவேண்டும். பார்க்காத பக்கத்தைச் செய்வது காசுக்குக் கேடு. சினிமா அரண்மனையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் சவுக்குக் கம்பும் கயிறும்தான்.

பிறகு இருவரும் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினிக்குப் போனார்கள். 1948-ல் வந்த சந்திரலேகாவின் முரசு நடனத்தைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். அதற்குக் கலை ஏ.கே.சேகர். அந்த முரசுகளை ஒரு மாணவனாக, அதுவும் இயந்திரவியல் படிக்கிற மாணவனாகப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. மேலே ஆள் ஆடவேண்டும். உள்ளே வீரர்கள் ஒளிந்திருக்கவேண்டும். கடைசியில் அவர்கள் வெளியே பாய்ந்து வரவேண்டும். அப்படியென்றால் மேல்பலகை ஆட்டத்தின் அதிர்ச்சியைத் தாங்கவேண்டும், நடுவில் குறுக்குச் சட்டம் எதுவும் இருக்கக்கூடாது. இத்தனைக்கும் பிறகு பார்ப்பவர் கண்ணுக்கு அது தோல் முரசாகத் தெரியவேண்டும்! படத்தின் மொத்தச் செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்து 30 லட்சம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த மாயாபஜார் (1957). வடபழனி வாகினியில் எடுத்தது. தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுத்தார்கள். கலை இயக்குநர்கள் கோகலே, கலாதர். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. படத்தில் துவாரகை நகரம் வருமே, அது 50 அடிக்கு 60 அடி இடத்தில் கட்டிய பொம்மை நகரம். அதற்குள் சுமார் 300 வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மின்விளக்கு. 50 பெருக்கல் 60 என்றால் 3000 சதுர அடி. எங்கள் ஊர் மனை விற்பவர்கள் பாஷையில் ஒன்றேகால் கிரவுண்ட். கிருஷ்ண பரமாத்மாவின் தலைநகரமே ஒன்றேகால் கிரவுண்டில் முடிந்துவிட்டது!

வீடு சின்னதாக இருந்தால் போதுமா? போதாது. கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். 16 அடி உயரத்திலிருந்து ஒரு கல் விழ ஒரு நொடி ஆகும். பதினாறில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்தால் உயரம் 1 அடி. அங்கிருந்து விழ கால் நொடிதான். அதை அப்படியே படம் பிடித்தால் கோபுரம் சரிவது போல இருக்காது, தீப்பெட்டி விழுவது போல இருக்கும். அதனால் கேமராவை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டவேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 96. திரையில் மெதுவாக ஓடும்போது பாரம் வந்துவிடும். அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூலம்தான் வேகத்தின் மடங்கு. பள்ளிக்கூடத்து பௌதிகம்தான்.

இந்தக் கணக்குக்கு அடங்காதவை தண்ணீரும் நெருப்பும். கப்பலைச் சின்னதாக்கலாம், தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது. பழைய படங்களில் புயலில் சிக்கும் கப்பலைப் பார்த்ததும் "இது தொட்டியில் எடுத்தது" என்று நமக்கே தெரிந்துவிடுவது அதனால்தான். ஹாலிவுட்காரர்கள் கப்பல் மாடலைப் பெரிதாகச் செய்ததற்கும் இதுதான் காரணம். டைட்டானிக் படத்தில் (1997) இருபதில் ஒரு பங்கு மாடல் என்பதே சுமார் 45 அடி நீளம். ஜப்பானில் 1954-ல் காட்ஸில்லா எடுத்தபோது சுபுராயா என்பவர் டோக்கியோ நகரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் கட்டி, ரப்பர் உடை போட்ட ஆளை விட்டு மிதிக்கவைத்தார். ஊரைக் கட்ட மாசக்கணக்கு, மிதிக்க ஒரு நிமிஷம்.

இனி கையில் பிடிக்கும் சாமான்கள். சினிமாக்காரர்கள் ப்ராப்பர்ட்டி என்பார்கள். ஒரே பொருளை இரண்டு மூன்று விதமாகச் செய்வார்கள். க்ளோசப்புக்கு உலோக வாள். சண்டைக்கு ஃபைபர் வாளோ மர வாளோ. கீழே விழுகிறவன் பக்கத்தில் கிடக்க ரப்பர் வாள். மூன்றும் ஒரே வாள் என்று நாம் நம்பவேண்டும். ஃபைபருக்கு முன்னால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் எல்லாவற்றுக்கும். சணல் நாரை பிளாஸ்டரில் முக்கி அச்சில் அப்பினால் வலு கூடும், கனமும் குறையும். தெர்மோகோல் வந்தபின் செதுக்குவது சுலபமாயிற்று, ஆனால் தீப்பிடித்தால் அவ்வளவுதான்.

தலையில் உடைகிற பாட்டில் இருக்கிறதே, அது ஹாலிவுட்டில் ஆரம்பத்தில் சர்க்கரை! பாகு காய்ச்சி மெல்லிசாக வார்த்தால் கண்ணாடி போலவே இருக்கும், உடைந்தாலும் வெட்டாது. ஈரக் காற்று பட்டால் பிசுபிசுக்கும், எறும்பு வேறு வரும். சென்னை வெயிலில் இதை வைத்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கென்றே பிசின் வகைகள் வந்துவிட்டன.

புதிதாகச் செய்வது கஷ்டமே இல்லை, பழசாகச் செய்வதுதான் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். நாயகன் (1987) படத்தின் தாராவி இதற்கு நல்ல உதாரணம். அந்தக் குடிசைகளின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட். கலை தோட்டா தரணி. துருப்பிடித்த தகரம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், கை பட்டுக் கறுத்த கதவு... ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும். கதவில் கை படுகிற உயரத்தில்தான் கறை இருக்கவேண்டும், தலைக்கு மேலே இருந்தால் பொய் தெரிந்துவிடும். அந்தப் படத்துக்காகத் தரணிக்குத் தேசிய விருது கிடைத்தது. அவருடைய அப்பா தோட்டா வெங்கடேஸ்வர ராவும் கலை இயக்குநர்தான். பாரதி (2000) படத்துக்காக பி.கிருஷ்ணமூர்த்தி வாங்கிய விருதும் இதே மாதிரி பழமையைத் திரும்பக் கொண்டுவந்த வேலைக்குத்தான்.

இப்போது தாம்பரம். அதற்கு மேற்கே கிஷ்கிந்தா என்ற பொழுதுபோக்குப் பூங்காவை 1990களில் ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன். தெற்குப் புறநகர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் வண்டலூர், இல்லாவிட்டால் கிஷ்கிந்தா. அப்பச்சன் அதற்கு முன்பே பெரிய சினிமாக்காரர். இந்தியாவின் முதல் 3டி படமான மை டியர் குட்டிச்சாத்தான் (1984) அவர் தயாரித்ததுதான். அதில் ஒரு பாட்டில் குழந்தைகள் தரையில் நடந்து, அப்படியே சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடப்பார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. கலை இயக்குநர் கே.சேகர் (ஜெமினி சேகர் வேறு) ஒரு முழு அறையையே சுழலும் இரும்புக் கூட்டுக்குள் கட்டவைத்தார். கேமராவை அறையோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். அறை சுற்றும்போது கேமராவும் சுற்றும். குழந்தைகள் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். பார்க்கிற நமக்கோ அறை அசையாமல் இருக்க, அவர்கள் சுவரில் ஏறுவது போலத் தெரியும். 1951-லேயே ஃப்ரெட் அஸ்டேர் ஹாலிவுட்டில் இப்படி ஆடியிருக்கிறார். என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். அறைக்குள் இருக்கும் நாற்காலி, மேஜை, படம் எல்லாவற்றையும் ஆணி அடித்தோ ஒட்டியோ வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு சாமான் கழன்று விழுந்தாலும் குட்டு உடைந்துவிடும். அந்த ஆணியை அடித்தவர்தான் அன்றைய ஹீரோ.

தரமணிக்கு வருவோம். அங்கே அரசாங்கத்தின் திரைப்பட நகரம் 1990களில் வந்தது, பிறகு எம்.ஜி.ஆர். பெயர் பெற்றது. 1997 அக்டோபரில் இங்கிலாந்து ராணி எலிசபெத் அங்கே வந்து மருதநாயகம் தொடக்க விழாவில் உட்கார்ந்திருந்தார். உண்மையான ராணிக்கு முன்னால் பொய்யான 18ஆம் நூற்றாண்டு! படம் முடியவே இல்லை. இன்று அந்தப் பகுதியில் டைடல் பார்க்கும் ஐடி கம்பெனிகளும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பெரிய செட்டுகள் பூந்தமல்லிப் பக்கமும் பையனூர்ப் பக்கமும் போய்விட்டன.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தத் தொழில் செத்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. மாயாபஜார் மாதிரி பொம்மை நகரம் இனி யாரும் கட்டமாட்டார்கள். ஆனால் நடிகர் தொடுகிற பொருளை யாராவது செய்துதான் ஆகவேண்டும். எந்திரன் (2010) படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய சாபு சிரிலின் பாகுபலி வேலையைப் பாருங்கள். பல்வாள்தேவனின் சுழலும் கத்தி ரதத்துக்குள் இருந்தது புல்லட் மோட்டார் சைக்கிள் இஞ்சின். (எந்திரனில் அவரே சின்ன வேஷத்தில் நடித்தும் இருக்கிறார்.) அடிபட்டிருப்பது மினியேச்சர்காரர்கள்தான். களிமண்ணில் உருவம் பிடித்தவர் வேலையை, கணினி வரைபடத்திலிருந்து தெர்மோகோலை வெட்டும் இயந்திரமும் பங்கு போடுகிறது.

வேலைக்கு நிரந்தரம் எப்போதுமே கிடையாது. ஸ்டுடியோ காலத்தில் மாசச் சம்பளத்துக்குத் தச்சரும் பெயின்டரும் இருந்தார்கள். ஸ்டுடியோக்கள் மூடியதும் தினக்கூலி, பேட்டா என்று ஆயிற்று. நிமாய் கோஷ், எம்.பி.சீனிவாசன் போன்றவர்கள் சினிமாத் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியதால்தான் நேரக் கணக்கும் கூலிக் கணக்கும் வந்தன. 2020-ல் கொரோனாவுக்காகப் படப்பிடிப்பு நின்றபோது தினக்கூலிக்காரர்கள் பெஃப்சி கொடுத்த அரிசியை நம்பி இருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரி 19 அன்று, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் இந்தியன் 2 செட்டில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் டூப் கிடையாது.

படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். பிளைவுட்டும் சவுக்கும் அடுத்த செட்டுக்குப் போகும், பிளாஸ்டர் குப்பைக்குப் போகும். ஏவி.எம். ஸ்டுடியோவில் 2023-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கார்கள், கேமராக்கள், ஸ்டுடியோ கருவிகள் இருக்கின்றன. கார் இரும்பு, அதனால் நின்றது. துவாரகையின் 300 வீடுகள் எழுந்த வாகினி வளாகத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் இருக்கின்றன. அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு சினிமா தியேட்டரும் உண்டு.