ஏற்காடு டூ குல்மார்க்: ஸ்கீ சாமான்களை ஃப்ளைட்டில் கொண்டு போவது எப்படி?

ஏற்காட்டில் குளிர் உண்டு, பனிச்சறுக்கு கிடையாது. அதற்கு காஷ்மீரின் குல்மார்க் வரை போகணும். சேர்வராயன் மலையில் இருந்து இறங்கினால் பக்கத்து ஏர்போர்ட், ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். ஸ்ரீநகருக்கு விமானம் மாறித்தான் போகணும்.

முதலில் என்ன செய்யணும்?
சேலத்துக்கு வருபவை ஏடிஆர் ரக சின்ன விமானங்கள். நீளமான பைக்கு இடம் குறைவு. டிக்கெட் எடுக்கும் முன்பே பையின் நீளம், எடையைச் சொல்லி ஏர்லைன்ஸிடம் கேட்டுடுங்க.

எதை எங்கே வைக்கணும்?
• ஸ்கீ, ஊன்றுகோல்: செக்-இன் மட்டும். கூர் முனைகளை துணியால் சுற்றுங்க.
• பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி: கைப்பையில் மட்டும். வரம்பு 100 வாட்-ஹவர். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர் என்பதால் ஓகே.
• கேம்ப் அடுப்பு கேஸ், லைட்டர்: இரண்டு பையிலும் கூடாது.

எடை எவ்வளவு?
உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாக செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஸ்கீயும் பூட்ஸும் சேர்ந்தாலே 10 கிலோவை நெருங்கிடும்.

செலவைக் குறைக்க வழி?
குல்மார்கில் ஸ்கீ வாடகைக்கே கிடைக்கும். காலுக்குப் பொருந்திய பூட்ஸ் இருந்தால் அதை மட்டும் எடுத்துட்டு போங்க.

பை வரலைன்னா?
ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதீங்க. ஏர்லைன்ஸ் கவுன்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகல் வாங்கிக்கோங்க.