மேடை ஏறாத இசை

பாடகர் பாடுவார், பொறி அதனைப் பதிந்து கொள்ளும். ஒலிப்பதிவு என்றால் நம்மில் பலர் அறிந்தது இவ்வளவே. பொறியே ஓர் இசைக்கருவியாக மாறிய கதையொன்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1966ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், இலண்டன் ஆபி ரோடு வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவு நிலையத்தில், பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழு 'ரிவால்வர்' என்ற இசைத்தட்டின் பணியைத் தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொண்ட பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'.

அந்நிலையம் கட்டுப்பாடு மிக்கது. ஒலிவாங்கியை எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதற்கும் அங்கே விதி உண்டு. அன்று பொறுப்பேற்ற ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு வயது 20. அவர் ஒலிவாங்கியை முரசின் அருகிலேயே வைத்தார்; முரசுக்குள் கம்பளிச் சட்டையொன்றையும் திணித்தார். மலையுச்சியில் தலாய் லாமா ஓதுவதுபோலத் தம் குரல் ஒலிக்க வேண்டும் என்றார் ஜான் லெனன். ஆர்கன் வாத்தியத்துக்கெனச் செய்த சுழலும் ஒலிபெருக்கியின் வழியே, பாட்டின் பிற்பகுதிக் குரலைச் செலுத்தினர். அடியில் நம் தம்புராவின் சுருதி நின்றொலித்தது.

மறுநாள் நிகழ்ந்ததே விந்தை. பால் மெக்கார்ட்னி தம் இல்லத்தில் ஒலிநாடாத் துண்டுகளின் இரு முனைகளையும் ஒட்டி வளையங்களாக்கி, ஒலிமேல் ஒலியாகப் பதித்திருந்தார். கடற்பறவையின் கூவலாய்க் கேட்பது, வேகம் கூட்டிய மனிதச் சிரிப்பே என்பர். கட்டடத்தின் வெவ்வேறு அறைகளிலிருந்த பொறிகளில் இவ்வளையங்கள் சுழன்றன. வளையம் தொய்ந்துவிடாதபடி, ஊழியர்கள் பென்சிலில் அதனை மாட்டி இழுத்துப் பிடித்து நின்றனர்! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மேற்பார்வையில் ஐந்து வளையங்களின் ஒலியை அவ்வப்போது ஏற்றியும் இறக்கியும் பாட்டோடு கலந்தனர். அந்தக் கலவையை அப்படியே மறுமுறை செய்தல் இயலாது.

முயற்சி முற்றிலும் புதியதன்று. பதிவான ஒலிகளைக் கோத்து இசையாக்கும் வழியைப் பிரெஞ்சு வானொலியில் பியேர் ஷேஃபர் 1948இலேயே காட்டியிருந்தார். ஆயினும் அது அறிஞர் சிலரின் ஆராய்ச்சியாகவே இருந்தது. இங்கோ இளைஞர் கூட்டம் வாங்கும் தட்டுக்குள் புகுந்தது. புகழ் நால்வரையும் மார்ட்டினையும் சேர்ந்தது முறையே. எனினும் அப்பாட்டைக் கேட்குந்தோறும் என் மனம் பென்சில் பிடித்து நின்றவர்களிடமே செல்கிறது.

தட்டு ஆகஸ்டு 5இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அம்மாதமே பீட்டில்ஸ் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து, 29ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அதனை முடித்தனர். அந்தப் பயணத்தில் இத்தட்டின் பாட்டு ஒன்றையும் அவர்கள் மேடையில் பாடவில்லை. அதன்பின் சுற்றுப்பயணமே செல்லவில்லை. பதிவு நிலையத்துக்கே திரும்பினர்.