வினிஷா உமாசங்கர்

திருவண்ணாமலையைச் சேர்ந்த இளம் கண்டுபிடிப்பாளர். தெருவோர இஸ்திரிக்காரர்கள் கரி எரிப்பதையும், எரிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதையும் கவனித்து, பள்ளி மாணவியாக இருந்தபோதே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள் பேட்டரியை நிரப்ப, அதிலிருந்து இஸ்திரிப் பெட்டி சூடேறும். ஐந்து மணி நேர வெயில், சுமார் ஆறு மணி நேர வேலைக்குப் போதும். கரிச்செலவும் புகையால் வரும் நுரையீரல் கேடும் ஏழைத் தொழிலாளியைவிட்டு ஒருசேர நீங்குவதே இதன் தலையாய சிறப்பு. 2020இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு பெற்றார். 2021இல் சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்றை எட்டினார். அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசுகையில், வெற்று வாக்குறுதிகள்மீது தம் தலைமுறை கோபம் கொண்டிருப்பதையும், ஆனால் கோபப்பட நேரமின்றித் தாம் செயலில் இறங்க விரும்புவதையும் அஞ்சாமல் எடுத்துரைத்தார்.