நளனும் வீமனும் அடுக்களைப் பெண்டிரும்

ஒரு சமையலை உயர்த்திப் பேச விழையும் தமிழர் அதனை 'நளபாகம்' என்பர். அதுவும் போதாதென்று கருதுவோர் 'வீமபாகம்' என்பர். இவ்விரு பெயர்களையும் சற்றே ஆராய்ந்தால் ஒரு வியப்பு எழும். நளன் நாடிழந்து, உருமாறி, வாகுகன் என்னும் பெயரில் அயோத்தி மன்னனிடம் பணிபுரிந்த காலத்தில் சமைத்தவன். வீமன் விராடன் அரண்மனையில் ஓராண்டு கரந்துறைந்தபோது மடைத்தொழில் மேற்கொண்டவன். இருவரும் அரசர், இருவரும் பிறர் அரண்மனையில் மறைந்திருந்து சமைத்தவர், தம் இல்லத்தில் நாள்தோறும் உலை வைத்தவர் அல்லர். நளன் ஆக்கிய உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி தன் கணவனை அடையாளம் கண்டாள் என்று கதை கூறுகிறது. சுவைத்து அறிந்த அந்த நாவின் பெயரால் ஒரு பாகம் நம் மொழியில் வழங்கவில்லை.

இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த சமையலறிவுக்குப் பெயரும் ஏடும் ஏன் வாய்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சமையல் நூல் ஒன்று இருந்தது என்னும் செய்தியைச் சங்க இலக்கியத்திலேயே காண்கிறோம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்து, அருச்சுனனின் தமையன் இயற்றிய நுட்பமான நூலின் நெறி பிறழாமல் ஆக்கப்பட்டது என்று புலவர் குறிக்கிறார். அந்நூலை வீமசேனனது மடைநூல் என்பது உரைமரபு. பொற்கலத்தில் படைத்து, அரசனே அருகில் நின்று ஊட்டும் விருந்து அது.

அதே பாட்டில் மற்றோர் அடுக்களையும் உண்டு. அப்பாணனின் வீட்டு அடுக்களை அது. கூரை இற்று வீழ்ந்து, சுவரில் கறையான் அரித்து, காளான் பூத்துக் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைச் சுவைக்க, நோவு பொறாமல் தாய்நாய் குரைக்கிறது. பசியால் இடை மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். அதனைப் பிறர் பார்த்துவிடுவரோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். நூலின்படி சமைத்த உணவும் நூலே இல்லாத உணவும் ஒரே பாட்டில் எதிரெதிரே நிற்கின்றன. வகுப்பில் இப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் விருந்தைக் காட்டிலும் அந்த அடைத்த கதவே என் உள்ளத்தில் நிற்கிறது.

பெண்டிர் சமைத்ததைப் புலவர் பாடாமல் விட்டனர் என்று சொல்வதற்கில்லை. உணவைத் தெய்வத்தை அடுத்து வைத்துக் கருப்பொருளாக எண்ணியது தொல்காப்பியம். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கூடலூர் கிழார், புதிதாக மணம் புரிந்த தலைவி கட்டித்தயிரை விரலால் பிசைந்ததையும், அவ்விரலை உடையிலேயே துடைத்துக்கொண்டதையும், தாளிப்பின் புகை கண்ணில் படிய அவள் துழாவிச் சமைத்த புளிப்பாகைக் கணவன் இனிதென உண்டதையும் காட்டுகிறார். செவிலி கண்டுவந்து நற்றாயிடம் சொல்வதாக அமைந்தது இப்பாட்டு. மகள் சமைக்கக் கற்றுக்கொண்டாள் என்பதைத் தாய்க்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அதுவும் ஒருவகைத் தேர்வு முடிவுதானே!

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் மாதரியின் மனையில் கண்ணகி சமைக்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பால்படு பொருள்கள் எனப் பட்டியல் விரிகிறது. வளைந்த அரிவாளில் காய்களை நறுக்குகையில் அவளுடைய மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஐயை வைக்கோல் தீ மூட்டித் துணை நிற்கிறாள். கோவலன் உண்ட இறுதி உணவு அது. இளங்கோவடிகள் காய்களின் பெயரைத் தந்தார். சமைத்தவளின் விரலையும் வியர்வையையும் தந்தார். ஆனால் மாதுளங்காயை அவள் எவ்வாறு பக்குவப்படுத்தினாள் என்பது அப்பாட்டில் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தடயம் கிடைக்கிறது. அந்தணர் மனையில் மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, பசுவெண்ணெயில் வேகவைத்ததாக அது கூறும். மாவடு ஊறுகாயும் அங்கே உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஏதேனும் ஓர் அடுக்களை வாயிலில் சற்று நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மடைநூற் பயிற்சி பெண்டிர்க்கு முற்றிலும் மறுக்கப்படவில்லை என்பதற்கு மணிமேகலையில் சான்றுண்டு. நாடகக் கணிகையர் கற்ற கலைகளுள் ஒன்றாக மடைநூற் செய்தியையும் அது எண்ணுகிறது. கூத்தும் பாட்டும்போல ஏடுகொண்டு பயிலும் கலையாகச் சமையல் அங்கே மதிப்புப் பெறுகிறது. குலமகளிர்க்கோ அது கலையாகக் கருதப்படாமல் கடமையாக நின்றுவிட்டது. கடமைக்கு யார் நூல் எழுதுவர்?

இடைக்காலத்தில் சமையலைப் பற்றி எழுத்தில் கிடைப்பவற்றுள் கோயிற் கல்வெட்டுகள் தலையாயவை. நெய்யமுது, தயிரமுது, கறியமுது, மிளகமுது, அடைக்காயமுது என இறைவனுக்குரிய படையல்கள் அவற்றில் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி என ஏறிச்செல்லும் முகத்தலளவையின் நுட்பத்தை இக்கல்வெட்டுகளே நமக்குக் கற்பிக்கின்றன. விசயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி என்று பணியாரங்களின் பெயர்களும் அவற்றுக்குரிய பொருள்களும் வருகின்றன.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். அரிசி, வெல்லம், நெய் என்று கல் சொல்லும். இத்தனை நாழி என்றும் சொல்லும். அதனை மட்டும் படித்துவிட்டு ஒருவர் அதிரசம் சுட முற்பட்டால் எண்ணெயில் மாவு பிரிந்து கரைந்து போகும். அரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். முற்றும் காய்ந்துவிடலாகாது, கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டலாகாது. அந்த நிலையில் இடித்துச் சலித்த மாவே அதிரசத்துக்கு ஆகும். வெல்லப்பாகு ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, எடுத்து உருட்டினால் இளகிய உருண்டையாக வரவேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் விரியும். பின்னால் இறக்கினால் கல்லாகும். பாகும் மாவும் கலந்த பின் ஒரு நாளேனும் மூடி வைத்தாக வேண்டும். இவ்வளவும் 'பதம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. கல்வெட்டில் அளவு உண்டு, பதம் இல்லை. பதம் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர் கையிலும், வீட்டில் பெண்டிர் கையிலும் இருந்தது. சொல்லிக் கொடுக்க முடியாமல், அருகில் நிறுத்திக் காட்டிக் கொடுக்க வேண்டிய அறிவு அது.

இக்கையறிவு மாறாமல் உறைந்து கிடந்த ஒன்று என எண்ணுவது பிழையாகும். 'பாட்டி காலத்துப் பழஞ்சமையல்' என்று நாம் போற்றும் குழம்பில் சிவந்து மிதக்கும் மிளகாய், சங்கப் புலவர் எவரும் அறியாதது. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான அது, 1498இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர், போர்த்துக்கீசியர் வாணிகத்தின் வழியே இந்நாட்டுக்கு வந்தது. அதுவரை காரம் என்றால் மிளகுதான். 'கறி' என்னும் சொல்லே மிளகைக் குறித்தது. வந்த பொருளுக்கு நம்மவர் 'மிளகாய்' என்று பெயரிட்டனர். மிளகைப் போல உறைக்கும் காய் என்னும் அப்பெயரில் புதியதைப் பழையதன் அருகில் வைத்துச் சுவைத்துப் பார்த்த செயல் பதிந்திருக்கிறது. பறங்கிக்காய், சீமைக் கத்திரிக்காய், மணிலாக்கொட்டை என்னும் பெயர்களும் இத்தகையனவே. தக்காளியோ நம் மணத்தக்காளியின் பெயரில் பாதியைப் பெற்றுக்கொண்டு இன்னும் பிந்தி வந்து சேர்ந்தது.

மிளகு இருந்த இடத்தில் மிளகாயை எத்தனை வைப்பது, புளியோடு அது எவ்வாறு இணங்கும், வற்றலாக்கினால் என்ன ஆகும் என்பனவற்றை எந்த மடைநூலும் வகுத்துத் தரவில்லை. பல்லாயிரம் அடுப்படிகளில் கைப்பொருளை வீணாக்க இயலாதவர்கள் அஞ்சி அஞ்சிச் செய்த சோதனைகளின் விளைவே இன்றைய குழம்பு. இத்தகைய மாற்றம் வேறெந்தத் துறையில் நிகழ்ந்திருப்பினும் அதனைச் செய்தோர்க்கு வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருப்போம்.

பழைய அடுக்களையும் அடியோடு அழிந்துவிடவில்லை. சில குடும்பங்களின் திதிச் சமையலில் இன்றும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் இடமில்லை. மிளகும் சீரகமுமே காரம் தருகின்றன. மூதாதையர்க்குப் படைக்கும் இலையில் மூதாதையர் அறிந்த சுவையே நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் மிளகுக் குழம்பும் பூண்டுக் குழம்பும் அவ்வாறே. பத்தியம் என்னும் பெயரால் பெண்டிர் காத்துவந்த மருத்துவ அறிவு அது. இதற்கென ஒரு தனிக்கட்டுரையே வேண்டும்.

அச்சு வந்தபின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் 'பாகசாஸ்திரம்' என்ற பெயரில் தமிழில் நூல்கள் வெளிவந்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து அரண்மனை அடுக்களைக் குறிப்புகளும் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்னும் பெயரில் பிற்காலத்தே நூலுருப் பெற்றன. சாஸ்திரம் என்ற சொல் அப்பெயர்களில் அமர்ந்திருப்பதைக் காண்க. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் தம் நூலுக்கு இட்ட பெயரில் சாஸ்திரம் இல்லை. 'சமைத்துப் பார்' என்று எதிரில் நிற்பவளிடம் பேசுவதாக அது அமைந்தது. இளமையிலேயே கணவரை இழந்த அவர், உறவினப் பெண்கள் சமையற்குறிப்புக் கேட்டு எழுதிய மடல்களுக்கு விடை எழுதி வந்தார். அவற்றை நூலாக்கலாமே என்று தூண்டியவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். மடல்களில் பிறந்த நூல் என்பது வரலாற்று நோக்கில் மிக முதன்மையானது. அலுவல் நிமித்தம் குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் பெயர்ந்த காலம் அது. அருகில் நின்று பார்த்துக் கற்கும் வாய்ப்பை இழந்த மகளிர்க்கு எழுத்து இன்றியமையாததாயிற்று. அந்நூல் ஆங்கிலத்துக்கும் பிற மொழிகளுக்கும் பெயர்ந்து, மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் நிலையை எட்டியது.

அது ஒரு சமூகத்தின் மரக்கறி அடுக்களை. அந்நூலாசிரியர் தாம் அறிந்ததை எழுதினார், அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆயினும் தமிழகத்தின் எண்ணற்ற பிற அடுக்களைகள் அச்சேறுவதற்கு நெடுங்காலம் காத்திருந்தன என்பதையும், பல இன்னும் காத்திருக்கின்றன என்பதையும் சொல்லாமல் செல்ல முடியாது.

இதற்கிடையே அளவைகள் மாறின. 1956இல் சட்டம் இயற்றப்பட்டு 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தது. படியும் பலமும் கடைத்தெருவிலிருந்து விடைபெற்றன. என் தாய்வழிப் பாட்டியார் பால்கணக்கு எழுதிய குறிப்பேட்டின் பின்பக்கங்களில் சாம்பார்ப் பொடிக்கு 'வற்றல் மிளகாய் 8 பலம், கொத்தமல்லி அரைப்படி, வெந்தயம் 3 ரூபாய் எடை, பெருங்காயம் கொட்டைப்பாக்கு அளவு' என்று எழுதியிருக்கிறார். பலம் ஏறத்தாழ 35 கிராம், ரூபாய் எடை 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். படியோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. கொட்டைப்பாக்கை நேரில் பாராத தலைமுறைக்கு அந்த இறுதி அளவை எங்ஙனம் பெயர்ப்பது? நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு, புளியங்கொட்டை அளவு என்று பொருளைக் கொண்டே பொருளை அளந்த மொழி அது.

அடுக்களையைப் போற்றுகிறோம் என்று சொல்லிப் பெண்ணை அங்கேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சியை நான் அறியாதவள் அல்லேன். எனவேதான் கைப்பக்குவத்தைப் பாராட்டிப் பேசும் மேடைகளைவிட அதனை எழுதிவைக்கும் ஏடுகளை நான் நாடுகிறேன். எழுதப்பட்ட அறிவை எவரும் கற்கலாம், ஆண்மக்கள் உட்பட.

இந்நோக்கோடு என் மாணவியரிடம், வீட்டில் மூத்த பெண்டிர் ஒருவர் செய்யும் ஓர் உணவினை அவருடைய சொற்களிலேயே, திருத்தாமல் எழுதிவரப் பணித்தேன். பலரும் மறுவாரமே கொண்டுவந்தனர். ஒருத்தி மட்டும் தாளை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, "கருவாட்டுக் குழம்பு எழுதியிருக்கேன், பரவாயில்லையா அம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கிணைமகள் அடைத்த கதவு இன்னும் திறக்கப்படவில்லை என்று அப்போது உணர்ந்தேன். அத்தாளை மறுநாள் வகுப்பில் அவளையே படிக்கச் செய்தேன். நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் மும்முறை அலசும் முறை அதில் இருந்தது. கத்திரிக்காய் பாதி வெந்த பிறகே கருவாட்டைச் சேர்க்க வேண்டும் என்றும், இடையில் கரண்டியிட்டுக் கிளறலாகாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பற்றிச் சுழற்ற வேண்டும் என்றும் இருந்தது. எப்போது இறக்குவது என்பதற்கு அவளுடைய பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தாள்: "கொதி அடங்கி, எண்ணெய் ஓரங்கட்டி, சட்டி முணுமுணுக்கும். அப்ப எறக்கு."